ஏணியில் ஏறிய அட்டை

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அட்டை. ஒரு பக்கத்தில் படமும் சொல்லும். மூலையில் ஒரு சின்னம், அதன் அருகில் ஓர் எண். 2007க்குப் பிறகு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரிகளிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு என்றதும் அவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது அட்டை, தட்டு, ஏணி, பாய். புத்தகம் அதற்குப் பிறகுதான். துறைக் காகிதங்களில் அது ‘செயல்வழிக் கற்றல் அட்டை’. வகுப்பில் வெறும் அட்டை.

ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் உருவாகி, வேலூர் மாவட்டத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தேடி வந்து, சென்னைக்குப் போய், அங்கிருந்து மாநிலம் முழுக்கப் பரவிய பொருள் அது. சென்னையில் நடந்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வேலூரில் நடந்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான கட்டம்.

கதை மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலியில் தொடங்குகிறது. காட்பாடியில் இருந்து சித்தூர் வழியாகப் போனால் சில மணி நேரப் பயணம். அந்தச் சித்தூரே 1911 வரை, வேலூரும் சேர்ந்திருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த ஊர்தான். ஜே.கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியில் டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் ஆசிரியராக இருந்தார். பிறகு 1972இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ‘நீல்பாக்’ என்ற சிறிய கிராமப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேலையைச் செய்துகொண்டு கற்றார்கள். பாடநூலைப் பக்கம் பக்கமாக முடிக்கும் அவசரம் அங்கே இல்லை.

1980களில் ரிஷிவேலியின் கிராமப்புறக் கல்விப் பணிக்கு வந்த பத்மநாப ராவும் ரமாவும் இதே சிந்தனையை வேறொரு சிக்கலுக்கு விடையாக்கினார்கள். சுற்றுவட்டாரக் குக்கிராமங்களில் ஒரே ஓர் ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள். அந்த ஆசிரியர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் மற்ற நான்கு வகுப்புகளும் சும்மா இருக்க வேண்டும். ஆகவே புத்தகத்தைப் பிரித்தார்கள். ஒரு திறனுக்குச் சில அட்டைகள் என்று வகுத்து, எதற்குப் பின் எது என்பதை ஏணிப்படி போல வரைந்து சுவரில் மாட்டினார்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பெட்டியில் அடுக்கினார்கள். அந்தத் தொகுப்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருள் ‘பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூடம்’.

அந்தப் பெட்டிக்குள் இருந்த தெலுங்கு, அந்த வட்டாரத்து மக்கள் பேசிய தெலுங்கு. உள்ளூர்க் கதைகளும் பாட்டுகளும் பொம்மலாட்டமும் அட்டைகளில் ஏறின. கிராமத்து ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து அவற்றைச் செய்தார்கள். வகுப்பில் எடுபடாததைத் தூக்கிப்போட்டு வேறு செய்தார்கள். அட்டைக்கு உயிர் கொடுத்தது இந்தக் கூட்டு வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். மைசூர் மாவட்டத்து எச்.டி.கோட்டை வட்டாரத்து ஆசிரியர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போய் 1995இல் ‘நலி கலி’ என்ற முறையைத் தொடங்கியபோது, தெலுங்கு அட்டையை அப்படியே கன்னடத்தில் பெயர்த்துவிடவில்லை. தங்கள் பிள்ளைகளுக்காகப் புதிதாகச் செய்தார்கள்.

அடுத்து அட்டை வந்த இடம் வேலூர். அந்தக் காலத்து வேலூர் மாவட்டம் பெரியது. இன்றைய ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் அதற்குள் இருந்தன. 2019 நவம்பரில்தான் அது மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பகுதியில் தோல் தொழில். தோல் வணிகர்கள் கொடையால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்த மண் இது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே வந்துவிட்டது. அதே மண்ணில், தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. சிவகாசியை முன்வைத்துத் தொடுத்த குழந்தைத் தொழிலாளர் வழக்கு அது. அபாயத் தொழிலில் பிள்ளையை வைத்திருக்கும் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றது நீதிமன்றம்.

வேலூரில் கணக்கெடுக்க வேண்டிய பிள்ளைகள் பெரும்பாலும் பீடிக்காரர்களிடம் இருந்தார்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தாலோ அக்காவுக்குக் கல்யாணம் என்றாலோ பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள். அது தீரும்வரை பிள்ளை வேலைக்குப் போக வேண்டும். வட்டியும் சேர்வதால் எளிதில் தீராது. கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தது 1976இல். அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

அவர்களை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அப்போது வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். பிள்ளையை மீட்பதைவிட அவன் மறுபடி ஓடிப்போகாமல் பள்ளியில் வைத்திருப்பது கடினம் என்பது அங்கே தெரிந்துபோயிற்று. காரணம் புரியாததல்ல. பதினொரு வயதுப் பையன். காலையில் இருந்து மாலைவரை இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, தலை மடக்கி, நூல் கட்டியவன். ஒரு கட்டுக்கு 25 பீடி, 1000 பீடிக்கு 40 கட்டு என்று வாயாலேயே கணக்குப் போடுவான். அவனை ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்காரவைத்து ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கொடுத்தால் அவனுக்கு அவமானம். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்து தெரியாது. அவனுக்கு ஏற்ற புத்தகமே கிடையாது. ரிஷிவேலி முறையை அந்தச் சிறப்புப் பள்ளிகளுக்குக் கொண்டுவரும் முயற்சி இப்படித்தான் தொடங்கியது.

அட்டை அவனுக்கு என்ன செய்தது என்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் ஏணி தொங்குகிறது. அவன் போன முறை எந்தப் படியில் நின்றானோ அதற்கு அடுத்த படியைத் தானே பார்த்துக்கொள்கிறான். அந்தப் படியில் ஒரு சின்னம் இருக்கிறது. அலமாரியில் அதே சின்னம் ஒட்டிய தட்டைத் தேடி, எண்ணைப் பார்த்து அட்டையை எடுக்கிறான். எந்தப் பாயில் உட்கார வேண்டும் என்பதையும் அட்டையே சொல்கிறது. ஆசிரியர் பக்கத்திலேயே இருந்து சொல்லித்தருகிற குழு, ஆசிரியர் அவ்வப்போது எட்டிப்பார்க்கிற குழு, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தருகிற குழு, யார் துணையும் இன்றித் தானே செய்கிற குழு, கடைசியில் மதிப்பீடு. படியை முடித்ததும் தன் பெயருக்கு நேரே அவனே குறித்துக்கொள்கிறான். நாளைக்கு வராவிட்டாலும், பத்து நாள் வராவிட்டாலும், திரும்பி வரும்போது அவன் விட்ட படி அவனுக்காக அங்கேயே இருக்கும்.

புத்தகத்தால் இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்ய முடியாது. பத்து நாள் வராத பிள்ளைக்கு வகுப்பு நான்கு பாடம் தாண்டிப் போயிருக்கும். செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய் வருகிற பிள்ளை, தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளை, மஞ்சள் காமாலையில் படுத்த பிள்ளை எல்லோரும் புத்தகத்தின் முன்னால் பின்தங்கியவர்கள். ஏணியின் முன்னால் அவர்கள் தங்கள் படியில் நிற்கிறவர்கள், அவ்வளவுதான்.

எழுத்தை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பதிலும் அட்டை ஆசிரியருக்குக் கை கொடுத்தது. அகர வரிசையில் முதலில் நிற்கும் ‘அ’ சுழித்து வளைந்து எழுத வேண்டிய எழுத்து. ‘ட’வும் ‘ப’வும் நேர்க்கோடுகளால் ஆனவை. அந்த இரண்டோடு ‘ம’வும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை சொற்களைப் படித்துவிடும். 1990களில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தபோதும் எளிய வடிவ எழுத்துகளில் இருந்தும் வாழ்க்கைக்குத் தேவையான சொற்களில் இருந்தும்தான் தொடங்கியது. புத்தகத்தில் வரிசையை மாற்ற அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும். அட்டையில் என்றால் தட்டில் இடம் மாற்றி வைத்தால் போதும்.

2003இல் விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரானார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போனார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் பாடத்திட்டத்தைத் திறன் திறனாகப் பிரித்து, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாவற்றுக்கும் தாங்களே அட்டை எழுதினார்கள். முதலில் 13 பள்ளிகள். பிறகு மாநகராட்சியின் 264 தொடக்கப் பள்ளிகளும். வகுப்பறையின் உருவமே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரைச் சுற்றிலும் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, அதில் பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். வருகையைப் பிள்ளையே குறித்தது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். அந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த முறைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

பிறகு வந்தது பெருவெள்ளம். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக விஜயகுமார் பொறுப்பேற்ற காலத்தில், முதலில் ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளிகள் என்று முறை பரவியது. 2007-08இல் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை நடைமுறைக்கு வந்தது. நடுநிலை வகுப்புகளுக்குப் ‘படைப்பாற்றல் கல்வி’ என்ற பெயரில் வேறொரு முறை. வெளிமாநிலக் குழுக்கள் பார்த்துப் போக வந்தன. எந்த நாட்டிலும் ஓர் அரசு இவ்வளவு பள்ளிகளில் ஒரே வீச்சில் பாடநூலை ஓரம்வைப்பது அரிது.

அட்டை தோற்கத் தொடங்கியதும் அந்த வெற்றியில்தான். 264 பள்ளிகளுக்காக ஆசிரியர்கள் கூடிச் செய்த பொருள், 37,000 பள்ளிகளுக்கு அச்சகத்தில் இருந்து பெட்டியில் வந்து இறங்கியது. ஆம்பூர் பிள்ளைக்கும் அதே அட்டை, ராமேசுவரத்துப் பிள்ளைக்கும் அதே அட்டை. ஏணிப்படியை மாற்றும் உரிமை ஆசிரியரிடம் இல்லை. அட்டை எண் 37இல் நிற்கும் பிள்ளை ஏன் 38க்குப் போகவில்லை என்று பார்வைக்கு வந்தவர் கேட்பார். அது சரியான கேள்விதான். ஆனால் அட்டை 37 இந்தப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை, வேறொன்று எழுதிவைத்திருக்கிறேன் என்று ஆசிரியர் பதில் சொல்வதற்குத்தான் அங்கே இடமில்லை. தொலைந்த அட்டைக்கும் கிழிந்த அட்டைக்கும் மாற்று எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. பெற்றோருக்கும் கவலை. பக்கத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை பை நிறையப் புத்தகம் சுமக்கிறது, நம் பிள்ளை வெறுங்கையோடு வருகிறதே என்றார்கள். ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் சோம்பலும் இருந்திருக்கலாம், ஆனால் நியாயமும் இருந்தது. தான் செய்யாத கருவியை, தன்னைக் கேட்காமல் கையில் திணித்தால் எந்தத் தொழிலாளியும் முணுமுணுப்பார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012-13இல் முப்பருவ முறை வந்து அட்டைகளும் அதற்கேற்ப மாறின. 2018இல் இருந்து புதிய பாடநூல்கள், பக்க ஓரத்தில் விரைவுத் தகவல் குறியீடு. ஏணியின் பிடி தளர்ந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை மறுபடி திறக்க 2021 நவம்பர் ஆயிற்று. எழுத்து மறந்து திரும்பிய பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது அதன் அடிப்படை. பதினொரு வயதில் எழுத்து தெரியாமல் வந்த பீடிக்காரப் பையனுக்காக வேலூர் சிறப்புப் பள்ளிகள் தேடியதும் இதைத்தான்.

இதற்கிடையில் அட்டை சத்தமில்லாமல் இன்னொரு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆசிரியர்களின் கைப்பேசிக்கு. ஓர் ஆசிரியை ஞாயிற்றுக்கிழமை இரவு சார்ட்டில் சொல்லட்டை வெட்டி, படம் எடுத்து ஒன்றிய வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். காலையில் வேறொரு பள்ளியில் அதே அட்டை வேறு சொல்லோடு வகுப்பில் இருக்கிறது. ஒருவர் எழுதிய பாட்டுக்கு இன்னொருவர் மெட்டுப் போட்டு, பிள்ளைகளைப் பாடவைத்து யூடியூபில் ஏற்றுகிறார். எந்த ஆணையும் இல்லாமல் நடக்கிற வேலை இது. ரிஷிவேலியில் பெட்டிக்குள் இருந்த அந்தக் கூட்டு உழைப்பு மறுபடி ஆசிரியரிடமே வந்து சேர்ந்திருக்கிறது. அட்டையின் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் கட்டம் இது.

ஆனாலும் இதில் ஒரு குறை இருக்கிறது. பகிர்வது ஆசிரியர்கள் செய்த பொருளை மட்டும்தான், பிள்ளைகள் செய்ததை அல்ல. பிரான்சில் செலஸ்தேன் ஃபிரேனே என்ற மலைக் கிராமத்து ஆசிரியர் 1920களில் பாடநூலைத் தள்ளிவைத்துவிட்டு வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதியதை அவர்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் தபாலில் அதே நாட்டின் பிரிட்டனி பகுதியில் உள்ள கடலோரத்துப் பள்ளி ஒன்றுக்குப் போயின. அங்கிருந்து அந்தப் பிள்ளைகள் எழுதியது ஃபிரேனேயின் வகுப்புக்கு வந்தது. மலையூர்ப் பிள்ளைகளும் கடலோரப் பிள்ளைகளும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத்தான் படிக்கக் கற்றார்கள். 2005இல் இருந்து ஐரோப்பியப் பள்ளிகள் ‘ஈ-ட்வின்னிங்’ என்ற பெயரில் இதையே இணையத்தில் செய்கின்றன. இரண்டு நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வேலையைத் திட்டமிடுகிறார்கள், பிள்ளைகள் சேர்ந்து அதை முடிக்கிறார்கள்.

தோல் பகுதிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழ்வழிப் பள்ளியும் உருதுவழிப் பள்ளியும் அடுத்தடுத்த தெருவில் இருக்கின்றன. இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களும் காலையில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். தோலைப் பதப்படுத்திய ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்புக் குழி பற்றித் தாத்தாக்களுக்குத் தெரியும். கட்டிங், ஸ்டிச்சிங், அப்பர், சோல் பற்றி அம்மாக்களுக்குத் தெரியும். ஒரு ஷூ எப்படி உருவாகிறது என்பதைத் தமிழ்வழிப் பிள்ளை தாத்தாவிடம் கேட்டுத் தமிழில் எழுதட்டும். உருதுவழிப் பிள்ளை அம்மாவிடம் கேட்டு உருதுவில் எழுதட்டும். இரண்டையும் ஒரே அட்டையின் இரு பக்கங்களாக ஆக்கி, குடியாத்தத்துப் பள்ளிக்குக் கைப்பேசியில் அனுப்பட்டும். குடியாத்தத்துப் பிள்ளைகள் கைலி நெய்வதைப் பற்றி எழுதித் திருப்பி அனுப்பட்டும். இதற்குப் பாடநூல் வேண்டாம், ஆறு மாதப் பயிற்சியும் வேண்டாம். இரண்டு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் நம்பினால் போதும்.

தாய்மொழியில் எழுதும் துணிச்சல் வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் பின்னால் வரும். ஆங்கிலம் வராதே என்று அஞ்சி, தமிழையும் உருதுவையும் வெறும் மதிப்பெண் பாடங்களாகச் சுருக்கிவிட்டது இந்தப் பகுதியின் பெரிய இழப்பு. ஏற்றுமதிக் கடிதம் எழுத ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தன் வீட்டு வேலையைத் தன் மொழியில் நான்கு வரி எழுதத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் சொல்ல ஒன்றும் இருக்காது.

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள் குறுவள மையத்தில் ஆசிரியர்களைக் கூட்டுகிறீர்கள். அந்த நாளின் பாதியைச் சுற்றறிக்கைக்கும் செயலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபாதியை அவர்களிடமே விட்டுவிடுங்கள். மேசையில் சார்ட்டும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும், எந்தப் பாடம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்கள் செய்யும் அட்டையில் மாநிலச் சின்னமும் எண்ணும் இருக்காது. அதற்காக அதை ஏணியில் இருந்து இறக்கிவிடாதீர்கள்.